ஏரி உறைந்தால் பீவர் உள்ளே மாட்டிக்கொள்ளாதா?

அடுத்த கேள்வி. "கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்கா பற்றிய வீடியோவில், பீவர் வீட்டுக்கு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்றீர்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாட்டிக்கொள்ளும்தான். ஆனால் மளிகைச் சாமானெல்லாம் வாங்கி அடுக்கிவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறது.

முதலில் ஒரு விஷயம். சிலர் பீவரை நீர்நாய் என்று எழுதியிருந்தீர்கள். நீர்நாய் வேறு. நம் காவிரியில் இருக்கிறதே, அதுதான் நீர்நாய், மீன் தின்னும். பீவர் எலி, அணில் இனம். மரப்பட்டை, இலை, நீர்ச்செடி என்று தாவரம்தான் அதன் சாப்பாடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறையும். பனிக்கட்டி மூடி போட்ட மாதிரி நிற்க, அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஆழம் குறைந்த ஓடை என்றால் தரைவரை உறைந்துவிடும், வாசலும் அடைபடும். அதற்காகத்தான் பீவர் அணை கட்டுகிறது. அணையையே வீடு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தண்ணீரை ஆழமாக்கத்தான். வீடு தனியாக, குச்சியும் சேறும் குழைத்த மேடாக இருக்கும். அந்தச் சேறு உறைந்தால் சிமெண்ட் மாதிரி. ஓநாய் வந்து பிறாண்டினாலும் லேசில் பெயராது.

சாப்பாடு? இலையுதிர் காலத்திலேயே ஆஸ்பென், வில்லோ கிளைகளைக் கடித்துக் கொண்டுவந்து வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் குவித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த கீரை மாதிரி பட்டை வாடாது. பசித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நீந்தி, ஒரு கிளையை இழுத்துவந்து உள்ளே உட்கார்ந்து கொறிக்கும். முன்பல்லுக்குப் பின்னால் உதடு மூடிக்கொள்வதால், தண்ணீருக்குள்ளேயே கடித்தாலும் வாய்க்குள் தண்ணீர் போகாது. போதாததற்கு வாலில் கொழுப்பு வேறு சேர்த்து வைத்திருக்கும்.

இதே பூங்காவில் அஜவான் ஏரிக்கரையில் ஒரு மரக்குடில் இருக்கிறது. 1931-இல் 'கிரே அவுல்' என்ற பிரபல இயற்கை எழுத்தாளர் அங்கே குடியேறினார். ஜெல்லி ரோல், ராஹைட் என்று அவர் வளர்த்த இரண்டு பீவர்கள், தங்கள் வீட்டில் பாதியைக் குடிலுக்குள்ளேயே கட்டிக்கொண்டன. தரையிலிருந்து நேரே ஏரிக்குள் போக ஒரு வழி! பழங்குடி ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த அவர், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்த ஆர்ச்சிபால்ட் பெலானி என்பது 1938-இல் அவர் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

மூச்சுக்குப் பீவர் என்ன செய்யும் என்றும் கேட்பீர்கள். வீட்டின் உச்சியில் மட்டும் சேற்றை அடைத்துப் பூசாது, காற்று போய்வர இடம் விட்டிருக்கும். கடுங்குளிர் நாளில் அங்கிருந்து இட்லிப் பானை மாதிரி மெல்ல ஆவி வரும். வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.