பாஸ்புக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

(மும்பை சயானில் நடந்த தமிழர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். வங்கிக்காரன் கையில் மைக் கிடைத்தால் வட்டிக் கணக்குதான் சொல்வான் என்று பயப்படாதீர்கள். கள்ளப் பணம் எப்படி நம் வீட்டு வாசல் வரை வருகிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில், கள்ளச்சாராய தாதா வரதராஜ முதலியார் போட்ட பிள்ளையார் பந்தல் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். அத்தனை விளக்கும் சாராயக் காசில்தான் எரிந்தது. தெரிந்தேதான் வரிசையில் நின்று பிரசாதம் வாங்கினோம். கள்ளப் பணத்துக்கு முதலில் வேண்டியது மரியாதை. வரவு செலவுக் கணக்கெல்லாம் அப்புறம். அந்த மரியாதையை நாம் இலவசமாகவே கொடுத்துவிட்டோம்.

1968-இல், தனி ஆட்கள் தங்கக் கட்டி வைத்திருக்கக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் கடத்தலுக்குக் கொழுத்த லாபம். 1990-இல் அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் கடற்கரையில் பழகிய பாதையும், பணம் வாங்கப் பழகிய அதிகாரிகளும் போகவில்லை. 1993-இல் ராய்கட் மாவட்டம் ஷேகாடியில் வெடிமருந்து இறங்கியது அப்படித்தான். மார்ச் 12 அன்று இந்த ஊரில் குண்டுகள் வெடித்து 257 பேர் செத்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் சுங்கத்துறைக்காரர்களும் உண்டு. வெள்ளிக்கட்டிதானே என்று கண்ணை மூடிப் பழகியவனுக்கு, அடுத்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் தைரியம் எங்கிருந்து வரும்?

சரி, பணம் எப்படி நகர்கிறது? துபாயில் கொத்து வேலை பார்க்கும் ஒரு பையன் ராமநாதபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறான் என்று வையுங்கள். வங்கிக்குப் போக லீவு கிடைக்காது. அறைக்கே வரும் உண்டியல்காரரிடம், அதாவது வங்கி இல்லாமல் பணம் மாற்றிவிடும் ஹவாலா ஆளிடம், அந்த ஊர்ப் பணமான திர்ஹாமைக் கொடுக்கிறான். அம்மாவிடம் இருக்கும் பத்து ரூபாய் நோட்டின் நம்பரைச் சொன்னால் போதும். மறுநாள் ஒருவர் பைக்கில் வருவார், நோட்டை வாங்கி நம்பரைச் சரிபார்ப்பார், ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. பணம் கடலைத் தாண்டவே இல்லை! பையன் கொடுத்த திர்ஹாமில் அங்கே தங்கம் வாங்கி, குருவிகள் கையில், அதாவது கூலிக்குத் தங்கம் கடத்தி வரும் பயணிகள் கையில், கொடுத்துவிடலாம். அம்மா வாங்கிய ரூபாய் இங்கே யாரோ கஞ்சா விற்ற காசாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கி அவர்களை அன்பாக நடத்தியிருந்தால் உண்டியல்காரருக்கு இத்தனை வாடிக்கை இருந்திருக்காது.

இப்போது அதைவிடச் சுலபமான வழி வந்துவிட்டது. வேலையில்லாத பையனிடம், 'கணக்கு ஒன்று திறந்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன்' என்பார்கள். போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி ஏதோ ஊர்ப் பெரியவரிடம் பிடுங்கிய லட்சங்கள் அந்தக் கணக்குக்கு வந்து, நிமிஷங்களில் பத்துக் கணக்காகப் பிரிந்துவிடும். போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான். கள்ளப் பணத்தை நல்ல பணமாகக் காட்டுவதைத் தடுக்கும் பணச் சலவைத் தடுப்புச் சட்டம் 2002-இல் நிறைவேறி 2005-இல் அமலுக்கு வந்தது. தெரிந்தே உதவி செய்தவனுக்கும் அதில் குறைந்தது மூன்று வருஷச் சிறை. ஜாமீனும் லேசில் கிடைக்காது.

இதெல்லாம் குற்றவாளிகள் பாடு, நமக்கென்ன என்று கேட்கலாம். செம்பூரில் ஃப்ளாட் பார்க்கப் போனவர்களைக் கேளுங்கள். 'பாதி செக், பாதி கேஷ்' என்பார்கள் விற்பவர்கள். பத்திரத்தில் காட்டும் தொகையை வைத்துத்தான் வங்கி கடன் தரும். மீதியை ரொக்கமாகக் கொண்டுவர ஒரு பள்ளி ஆசிரியரால் முடியுமா? அவர் ஊருக்கு வெளியே பன்வெல் தாண்டி வீடு பார்க்கிறார். கள்ள ரொக்கத்தை எங்கே கொட்டலாம் என்று தவிப்பவனுக்கு அந்த ஃப்ளாட் கிடைக்கிறது. அவன் குடியேறக்கூட மாட்டான், பூட்டியே கிடக்கும்.

கடைத்தெருவிலும் இதே கதை. கள்ளப் பணத்தை விற்பனைக் கணக்கில் காட்டுவதற்காகவே திறந்த கடைக்கு லாபம் தேவையில்லை. வாடகையை இரட்டிப்பாகக் கொடுப்பான், சரக்கை அடக்க விலைக்கும் கீழே தள்ளுவான். பக்கத்தில் இருபது வருஷமாக மளிகை நடத்தும் அண்ணாச்சி என்ன செய்வார்? தனக்குத்தான் வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே ஷட்டரை இறக்குகிறார்.

உங்கள் வீட்டுப் பையன் யாராவது பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து சொல்லுங்கள். கணக்கை நிறுத்தச் சொல்லி இன்றே வங்கிக் கிளைக்கு எழுதிவிடலாம், காகிதம் கொண்டுவந்திருக்கிறேன். போலீஸுக்குப் போவதானால் வக்கீலோடு போகட்டும். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.