நீளத் துரும்பு யாருக்கு?

இங்கிலாந்தில் வாழும் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். கவுன்சில் தேர்தலை, அதாவது இங்கத்து உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். நியாயம்தான். அதனால் ஒரு ஊரில் நடந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், நார்தம்பர்லாந்தில், பிளைத் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக அங்கிருந்துதான் போனது. சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு அனல்மின் நிலையமும் மூடப்பட்டு, அதன் புகைபோக்கிகளை 2003-ல் தகர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக லேபர் கட்சிக்கே ஓட்டுப் போட்ட தொழிலாளர் பகுதி அது.

2017 மே 4-ம் தேதி நார்தம்பர்லாந்து கவுன்சிலின் 67 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. அதுவரை நிர்வாகம் லேபர் கையில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 33 இடங்கள். இன்னும் ஒன்று கிடைத்தால் 34, தனிப் பெரும்பான்மை. அந்த ஒன்று சவுத் பிளைத் வார்டில் மாட்டிக்கொண்டது. லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் லெஸ்லி ரிக்கர்பிக்கு 356 ஓட்டு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் டேனியல் காருக்கும் அதே 356. மறுபடி எண்ணினார்கள். மாறவில்லை.

இந்த நிலைமைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேர்தல் அதிகாரி அந்த இடத்திலேயே குலுக்கல் மூலம் தீர்க்க வேண்டும். எப்படிக் குலுக்குவது என்று சட்டம் சொல்லவில்லை. காசு சுண்டலாம், சீட்டுக்கட்டில் சீட்டு உருவலாம், பெயர் எழுதிய தாளைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம். நார்தம்பர்லாந்தில் துரும்பு எடுக்க வைத்தார்கள், நீளமானதை உருவியவருக்கு வெற்றி. நீளத் துரும்பு ரிக்கர்பிக்கு வந்தது. அவர் கவுன்சிலர் ஆனார். கன்சர்வேட்டிவ் கட்சி 33-லேயே நின்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி. குலுக்கலில் வென்றவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு கிடைத்ததாகவே சட்டம் கணக்கு வைத்துக்கொள்ளும். அதாவது துரும்புக்கும் ஒரு வாக்குரிமை!

அன்று இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இத்தனை பெரிய கவுன்சிலின் தலைவிதியைத் துரும்பிலா தீர்மானிப்பது என்று கேட்டார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் சரிசமம் என்றால் வேறு எப்படித்தான் தீர்ப்பது? நான் கோபப்படுவது வேறு ஒன்றுக்காக. அந்த வார்டில் பெயர் பதிந்திருந்தும் வராதவர்களில் ஒரே ஒருவர் எழுந்து போய் அந்த இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தால் துரும்புக்கே வேலை இருந்திருக்காது. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மூன்றில் ஒருவர் வந்தாலே வழக்கமான கூட்டம் என்கிறார்கள். மற்ற இரண்டு பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? பெரும்பாலும் நம்மைப் போலத்தான். வேலை, பிள்ளைகள், சமையல், அப்புறம் "இதனால் என்ன மாறப்போகிறது" என்ற ஒரு வரி.

என்ன மாறுகிறது என்றும் பார்ப்போம். நார்தம்பர்லாந்தில் 2009 முதல் ஒரே கவுன்சில்தான். பள்ளிக்கூடம், சாலைப் பள்ளம், முதியோர் பராமரிப்பு, குப்பை, நூலகம், வீடு கட்ட அனுமதி எல்லாமே அதன் கையில். லேபர் நிர்வாகம் தலைமை அலுவலகத்தை மோர்பெத் ஊரிலிருந்து ஆஷிங்டனுக்கு மாற்றத் திட்டம் போட்டிருந்தது. ஆஷிங்டன் பழைய சுரங்க ஊர், கால்பந்து வீரர்கள் பாபி, ஜாக் சார்ல்டன் சகோதரர்கள் பிறந்த இடம். அலுவலகம் வந்தால் அதோடு ஊழியர்களும் வருவார்கள், கடைத்தெருவுக்கு உயிர் வரும் என்பது கணக்கு. தேர்தலுக்குப் பிறகு கன்சர்வேட்டிவ் நிர்வாகம் அமைந்தது. திட்டம் கைவிடப்பட்டது. ஒரு ஊரின் மதிய நேரத்து வியாபாரமே இப்படிக் கவுன்சில் ஓட்டில் தொங்குகிறது. துரும்பு ஆட்சியை மாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சிதான் நிர்வாகத்துக்கு வந்தது, ஆனால் சிறுபான்மையாக. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் வெளியே ஒரு கையாவது தேவைப்பட்டது. அந்த அளவுக்குத்தான் துரும்பின் வேலை. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

சில தேர்தல்களில் நான் எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் விளையாட்டு மண்டபம்தான், தரையில் பூப்பந்துக் கோடுகள் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்ததும் முதல் வேலை யாருக்கு எத்தனை என்று பார்ப்பது அல்ல. மொத்தம் எத்தனை தாள் என்று எண்ணி, வாக்குச்சாவடி அதிகாரி எழுதிக் கொடுத்த கணக்கோடு ஒப்பிடுவோம். அது சரியான பிறகுதான் பெயர்வாரியாகப் பிரிப்போம். விரல் நுனியில் ரப்பர் உறை, எதிரே வேட்பாளர்களின் ஏஜெண்டுகள். ஒரு தாள்கூட அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகத் தாள்கள் தனித் தட்டுக்குப் போகும். பெயருக்கு நேரே போட வேண்டிய பெருக்கல் குறிக்குப் பதில் டிக் போட்டிருந்தால் செல்லும், நோக்கம் தெளிவாக இருந்தால் போதும். மூன்று பெயருக்கு நேரே 'வேண்டாம்', நாலாவதுக்கு நேரே 'சரி' என்று எழுதியிருந்தாலும் அதிகாரி ஏற்றுக்கொள்வதுண்டு. எல்லாரையும் திட்டி நாலு வரி எழுதி, யாருக்கும் குறி போடாமல் விட்டால் செல்லாது. திட்டுவதற்காகவே நடந்து வந்தவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் வரவாவது செய்தார்கள். 356-க்கு 356 என்று நிற்கும்போது இந்தத் தட்டிலிருக்கும் ஒவ்வொரு தாளும் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி நம்ம விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிறைந்து, முறையான விசாவோடு இங்கே வாழ்ந்தால் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலிலும்தான். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை, நிரந்தரக் குடியிருப்பும் வேண்டியதில்லை. போன செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த பையனுக்கும் உரிமை உண்டு. அதே வீட்டில் மேல்மாடியில் இருக்கும் பிரெஞ்சு மாணவர் 2021-க்குப் பிறகு வந்தவர் என்றால் அவருக்குக் கவுன்சில் ஓட்டுகூட இல்லை. பேரரசுக் காலத்து மிச்சம் இது. வரலாறு நமக்குக் கொடுத்த பாக்கிகளில் இதுவும் ஒன்று, வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இந்த உரிமை இருப்பதே தெரியாமல் பத்து வருடம் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வீட்டுக்கு வரும் வாக்காளர் பதிவுப் படிவத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பதிவு தானாக நடக்காது. இணையத்தில் ஐந்து நிமிட வேலை, வேலைக்குச் சேரும்போது கேட்கும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருந்தால் இன்னும் சுலபம். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. 2017-ல் பெயரையும் முகவரியையும் சொன்னால் தாளைக் கொடுத்துவிடுவார்கள். 2023 மே முதல் இங்கிலாந்தில் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயம். அந்தப் பட்டியலில் முதியோரின் பஸ் பாஸைச் சேர்த்தவர்கள் மாணவர் அட்டையைச் சேர்க்கவில்லை. யாருக்குச் சாதகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நமக்குக் கவலையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ செல்லும், காலாவதியாகியிருந்தாலும் படத்தில் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும்.

தாளை வாங்கியதும் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். சில வார்டுகளில் மூன்று கவுன்சிலர்கள், அங்கே மூன்று பெயர்கள் வரை குறி போடலாம். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு வந்து பிறகு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கயிற்றில் கட்டிய பென்சில் இருக்கும், பிடிக்காவிட்டால் சொந்தப் பேனா கொண்டுபோங்கள். வாக்குச்சாவடி வியாழக்கிழமை காலை 7 மணிக்குத் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். ஷிஃப்ட் முடித்து மூச்சிரைக்க ஓடிவந்து 10 அடிக்கும்போது வரிசையில் நின்றால்கூடத் தாள் தந்தாக வேண்டும். வணக்கம்.