சீட்டு நோட்டு எந்தத் துறையில் வரும்?

எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது ஓர் அண்ணன் கேட்டார், ‘சமூகப் புத்தாக்கம்னா என்னங்க, மானியம் வாங்குற திட்டமா?’ என்று. பாதி சரி அண்ணே. சமூகத்தின் பிரச்சினைக்குப் புது வழி கண்டுபிடிப்பது என்ற மீதிப் பாதியைத்தான் பேச வந்திருக்கிறேன்.

எண்பதுகளில் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை இருக்குமே, அதில் மாதத்தின் முதல் ஞாயிறு அம்மா சீட்டு நடத்துவார். இருபது பேர், ஆளுக்கு ஐம்பது வெள்ளி. பெயர் எழுதிய காகிதத்தைச் சுருட்டி மைலோ டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வங்கிப் படிவத்தைப் பார்த்தாலே பயப்படும் அக்காக்கள் அந்த ஆயிரம் வெள்ளியில்தான் ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள், ஊருக்கு டிக்கெட் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, இதையே மலாயில் ‘குத்து’ என்பார்.

ஜாவாவில் இதற்குப் பெயர் அரிசான். கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அதை அங்கே நேரில் பார்த்து, 1962-லேயே இந்த மாதிரிச் சீட்டுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். சமூகப் புத்தாக்கம் என்று தனித்துறை அப்போது ஏது? மானிடவியல் கணக்கில் போய்விட்டது.

அந்தச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. 1858-ல் இங்கிலாந்தில் வில்லியம் லூகாஸ் சார்ஜண்ட் என்பவர் சமூகப் புத்தாக்கக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார், பாராட்டி இல்லை, சோஷலிசம் பேசியவர்களைச் சாடி! அன்றைக்கு அது ஏறக்குறைய வசைச்சொல். இன்று விண்ணப்பத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால் காசு கிடைக்காது.

பல்கலைக்கழகங்களுக்குள் இது மெல்லத்தான் நுழைந்தது. 1986-ல் கனடாவின் கியூபெக்கில் பெனுவா லெவெக், பால் பெலாஞ்சே இருவரும் ஓர் ஆய்வு மையம் தொடங்கி, கூட்டுறவுச் சங்கங்களையும் தொழிலாளர்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். அப்புறம் 2003-ல் ஸ்டான்ஃபர்டிலிருந்து இதற்கென்றே ஓர் இதழ், 2006-ல் நம் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் லியன் சமூகப் புத்தாக்க மையம். இருபது வருஷத்தில் வந்த வேகம்.

வந்ததும் சண்டைதான். அந்த ஸ்டான்ஃபர்ட் இதழில் 2008-ல் வந்த ஒரு கட்டுரை, சமூகப் புத்தாக்கம் என்றால் இருப்பதைவிட நல்ல தீர்வாக இருக்க வேண்டும், பயன் தனி ஆட்களைவிடச் சமூகத்துக்குப் போக வேண்டும் என்று வரையறுத்தது. பெல்ஜியத்தின் ஃபிராங்க் மூலார்ட் போன்றவர்களுக்கு அது போதவில்லை. தீர்வு மட்டும் பத்தாது, மனிதர்களுக்கு இடையிலான உறவும் அதிகாரமும் மாற வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் மூலார்ட் பக்கம். ஃப்ரிட்ஜ் வந்தது பெரிதில்லை. புருஷனிடம் கேட்காமலே ஃப்ரிட்ஜ் வந்தது பாருங்கள், அதுதான் சங்கதி.

ஆனால் இந்தத் துறையிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. 2014-லிருந்து ஜெர்மனியின் டார்ட்மண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஒரு பெருந்திட்டத்தில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்தார்கள். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சீட்டு மாதிரியானவை, அலுவலகக் காகிதமே இல்லாமல் நடந்து அப்படியே செத்தவை, அப்படிப்பட்ட வலையில் எப்படிச் சிக்கும்? நான்காம் மாதம் பணத்தை எடுத்த ஓர் அக்கா ஆறாம் மாதம் வீடு மாறிப் போய்விட்டார். பதினைந்து மாதத் தவணை பாக்கி. அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டினார். அதற்கப்புறம் சீட்டு இல்லை.

இந்தக் கூட்டத்தில் காட்டலாம் என்று போன வாரம் சீட்டுக் கணக்கு எழுதிய அந்தப் பழைய நோட்டை அம்மாவிடம் கேட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். ‘அதுல அவ பேரு இருக்கு, பேரப்பிள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. சபையில காட்டாதே’ என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டார்.