கல்லீரலும் நுரையீரலும் சேர்ந்து கெட்டவருக்கு மயக்க மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

மூச்சுத் திணறுகிறவர்களுக்கு எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் நிம்மதி. கல்லீரல் சுருக்க நோயாளிகள் சிலருக்கு இது தலைகீழ். படுத்திருக்கையில் ஆக்சிமீட்டர் 95 காட்டும், உட்கார்ந்தால் 89க்கு இறங்கும். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கல்லீரல் கெடும்போது நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து, நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்துவிடுகின்றன. ரத்தம் ஆக்சிஜனை முழுக்க வாங்காமலே கடந்துவிடும். விரிவு அடிப்பகுதியில்தான் அதிகம். உட்கார்ந்தால் ரத்தமும் அங்கேதான் இறங்கும்.

சந்தேகம் வந்தால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் பார்ப்போம். சலைனை இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால் நுண்குமிழிகள் உண்டாகும். அதைக் கை நரம்பில் செலுத்துவோம். நல்ல நுரையீரல் குமிழிகளை வடிகட்டிவிடும். இதயத்தின் வலப்பக்கம் குமிழி தெரிந்து மூன்று துடிப்பு கழிந்தபின் இடப்பக்கமும் தெரிந்தால் வடிகட்டி ஒழுகுகிறது என்று பொருள்.

டிரிப் குழாயில் தங்கும் காற்று இவருக்கு மூளைவரை போகலாம். ஆகவே ஊசி போடுமுன் சிரிஞ்சு முனையிலும் குழாய் இணைப்புகளிலும் காற்றை வெளியேற்றியே ஆகவேண்டும். குமிழியைப் பெரிதாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் வேண்டாம்.

தசை தளர்த்த அட்ராக்யூரியம் வசதி. பெரும்பாலும் ரத்தத்திலேயே சிதையும், கல்லீரலை எதிர்பார்க்காது. இன்னொரு தளர்த்தியான வெக்குரோனியம் நெடுநேரம் நிற்கும். தூக்க மருந்தான மிடாசோலம் கொடுத்தால் கல்லீரல் சார்ந்த மனக்குழப்பம் கிளம்பும், கூடுமானவரை தவிர்ப்போம்.

வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் நெருக்கப்படும். 5 லிட்டருக்கு மேல் வடித்தால், வடித்த ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 8 கிராம் ஆல்புமின் ஏற்றவேண்டும், இல்லையேல் ரத்த அழுத்தம் சரியும். வென்டிலேட்டரில் மூச்சளவு கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி. எடையென்பது உயரத்துக்குரிய எடை. தராசு காட்டும் எடையில் வயிற்று நீரும் சேர்ந்திருக்கும், அதில் ஏமாறக்கூடாது. காற்றழுத்தத்தை அதிகம் ஏற்றினால் கல்லீரலுக்கு ரத்தம் குறையும்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவது வேறு நோய். அங்கே சராசரி அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கே பொதுவாக வழியில்லை. குழாய் விரிந்த நோயாளிக்கோ அந்த மாற்று சிகிச்சைதான் மருந்து.

வார்டுக்கு வந்ததும் பழக்கத்தில் தலைமாட்டை உயர்த்திவிடுவார்கள். உயர்த்துமுன்னும் பின்னும் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். வலிக்கு டைக்லோஃபெனாக் கூடாது. பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள்.