கடலில் பிடிபட்ட கோபால்ட் வீணா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மூன்று நாளாக விடவில்லை. பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "கடல்நீரில் கரைந்த உலோகங்களைக் கரிமப் பொருள்கள் பிடித்துக்கொள்கின்றன என்று இரும்பு பற்றிய காணொளியில் சொன்னீர்கள். கோபால்ட்டும் அப்படிப் பிடிபட்டுவிட்டால் பாசிகளுக்கு எப்படிக் கிடைக்கும்? வீண்தானே?"

கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் அளவைப் பார்ப்போம். வெயில் காலத்தில் நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கடல்நீரை நிரப்புகிறோம். லிட்டருக்கு 50 பிகோமோல் (ஒரு பிகோமோல் என்பது ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கோபால்ட் என்று வைத்தால், லாரி முழுவதிலும் உள்ளதைத் திரட்டினாலும் ஒரு பொடி உப்புத் துகளின் எடைகூடத் தேறாது. அந்தத் துளியை நம்பித்தான் கடலில் கோடானுகோடி உயிர்கள் இருக்கின்றன.

இனி பிடிப்புக்கு வருவோம். பழைய பார்வையாளர்களுக்கு என் புளிக் கதை தெரியும். மறுபடியும் சொல்கிறேன், இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் அரூர் பக்கம். மாசி, பங்குனியில் திண்ணை முழுக்கப் புளிதான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அதில் ஒரு பிடியை எடுத்து அம்மா பித்தளைக் குடத்தைத் தேய்ப்பார். கறுப்பு கழன்று குடம் பளிச்சென்று ஆகும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தக் கறுப்பிலிருக்கும் செம்பைத் தன் ஆக்சிஜன் கைகளால் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறது. பிடிக்கிற மூலக்கூறு ஈனி, இரண்டும் சேர்ந்தது அணைவுச் சேர்மம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பிடிபட்ட செம்பு எங்கும் போய்விடவில்லை, கழுவின தண்ணீரில் கரைந்து நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலிலும் இதேதான். பாக்டீரியாவும் நுண்பாசிகளும் வெளிவிடும் பொருள்கள், செத்தவற்றின் மிச்சம், நம் தென்பெண்ணை மாதிரி ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இலைதழை மக்கிய சாறு, இவற்றிலெல்லாம் ஈனிகள் உண்டு. சைட்டோ, மொஃபெட் என்ற இரு கடல் வேதியியல் ஆய்வாளர்கள் வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் அளந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கோபால்ட் ஏறக்குறைய முழுவதும் பிடிபட்டே இருந்தது. அந்தப் பிடி எவ்வளவு உறுதி என்று கேட்டால் அளக்கும் முறையைத்தான் சொல்ல வேண்டும். நிக்கலுக்குச் சோதனைச் சாலையில் சிவப்பு வீழ்படிவு தரும் டைமெத்தில்கிளையாக்சைம் ஞாபகம் இருக்கிறதா? கோபால்ட்டை அளக்கவும் அதையே போடுகிறார்கள். ஆனால் அப்படியே போட்டால் கடல்நீர் கோபால்ட்டை முழுசாக விட்டுக்கொடுக்காது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கரிமப் பொருளைச் சிதைத்த பிறகுதான் மொத்தமும் வெளியே வரும். இரட்டை நேர்மின்சுமை கொண்ட கோபால்ட் ஈனிக்குள் போனதும் இன்னொரு எலக்ட்ரானை இழந்து மூன்றாகிவிட்டால் பிடி இறுகிவிடுகிறது. அந்த நிலையில் ஈனியை மாற்றிக்கொள்வது மிக மிக மெதுவாகவே நடக்கும்.

சரி, அப்படியானால் வீண்தானா? இல்லை. பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடலில் மாங்கனீஸை ஆக்சைடாக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தனியாகத் திரியும் கோபால்ட்டை அவை மாங்கனீஸோடு சேர்த்தே ஆக்சைடாக்கிவிடும். அந்தத் துகளோடு கோபால்ட்டும் அடியில் போய்ப் படிந்துவிடும். ஈனியின் கையில் இருப்பதால்தான் அது வெளிச்சம் படும் மேல்நீரில் தங்குகிறது. புரோகுளோரோகாக்கஸ் என்று ஒரு நுண்ணுயிர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். கோபால்ட் இல்லாமல் அது வளரவே வளராது, துத்தநாகத்தைக் கொடுத்தாலும் ஈடாகாது. அது வளர்ந்த நீரை எடுத்துப் புது வளர்ப்பில் சேர்த்தபோது, செல்கள் கோபால்ட்டை இன்னும் வேகமாக உள்ளே எடுத்தன. தானே ஈனியைத் தயாரித்து வெளியே விட்டு, கோபால்ட்டோடு திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதற்கான சான்று அது.

எனக்கு உண்மையில் ஆசையான கேள்வி வேறு. கரிமப் பொருள் கோபால்ட்டைப் பிடிப்பதன் உச்சம் எது? பி12 வைட்டமின். நான்கு நைட்ரஜன் கொண்ட ஒரு வளையம், நடுவில் ஒரே ஒரு கோபால்ட். டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளர் அதன் அமைப்பை 1956-ல் எக்ஸ் கதிரால் கண்டுசொன்னார், 1964-ல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைட்டமினைச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாவும், ஆர்க்கியா என்ற இன்னொரு வகை நுண்ணுயிர்களும் மட்டும்தான். கடல் பாசிகளில் பாதிக்கு மேல் அவற்றிடம்தான் கையேந்துகின்றன.

நம் ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடும் அப்படித்தான். அதன் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லிலிருந்து வரும் கோபால்ட்டை வைத்து பி12 செய்துகொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பச்சைப் பசேலென்ற மேய்ச்சலில் ஆடுமாடுகள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்தன. மண்ணில் போதிய கோபால்ட் இல்லை என்பது 1935 வாக்கில்தான் தெரிந்தது. ஒரு நாளைக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுத்ததும் அவை தேறின. அந்த மாணவி அடுத்து இதைக் கேட்டால், பலகையில் அந்த வளையத்தை வரைந்தே காட்டுகிறேன்.