பர்கூர் போவதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆடி பிறந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ளுபடி விளம்பரம்தான். இந்த வாரம் குடும்பத்தோடு பர்கூருக்குக் கிளம்பப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள், நானும் போகிறேன். ஆனால் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெளியூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பர்கூர், கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற சிறிய ஊர். ஜவுளிக் கடைகளின் பெருக்கத்தால் ‘குட்டி சூரத்’ என்று பெயர் எடுத்தது. கல்யாண ஜவுளி எடுக்கப் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். விலை மலிவு, பக்கத்திலேயே கடை என்பதால் எங்கள் வீடுகளில் பீரோக் கதவை முட்டித் தள்ளித்தான் மூட வேண்டியிருக்கிறது. ஆனாலும் காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது கைக்கு வருவது என்னவோ அதே நான்கைந்து உடுப்புகள்தான்.

அந்த நான்கைந்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கடைப் பொம்மையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இஸ்திரிக்குப் போய்வந்த மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். வாராவாரம் எது அதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பாணி. என் மூட்டை இதோ. கருநீலம், செங்கல் நிறம், வெளிர் சாம்பல். எல்லாம் பருத்தி. கை முழங்கை வரை, கழுத்து மேலே ஏறியது, இரண்டு பக்கமும் பை. இதற்குக் காரணம் இருக்கிறது. நான் தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் ஏறும்போது வெயில் சுடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் மாலை ஆறு மணிக்கே காது சில்லிட்டுப்போகும். அதனால் உள்ளே பருத்தி, மேலே ஒரு கம்பளிச் சால்வை. டிக்கெட்டும் சில்லறையும் வைக்கப் பை. என் பாணியை என் பஸ் பயணம்தான் முடிவு செய்தது. உங்களுடையதை வயல் வேலை முடிவு செய்யலாம், வகுப்பறை முடிவு செய்யலாம்.

அது தெரிந்த பிறகு, தைத்து மாட்டியிருக்கும் உடுப்பைவிடத் துணியாக வாங்கித் தைத்துக்கொள்வதையே நான் சொல்லுவேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தையற்கடை இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. பெரிய நகரத்தில் இருக்கிறவர்கள் இதற்கு ஏங்குகிறார்கள்.

துணியை எப்படிப் பார்ப்பது? கேமராவைக் கொஞ்சம் அருகில் கொண்டுவருகிறேன். முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நெசவு ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் இடைவெளி என்றால் வைத்துவிடுங்கள். அடுத்து, இப்படி இரண்டு விரல்களுக்கிடையே அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு உதிர்கிறதா? அப்படியென்றால் கஞ்சியால் விறைப்பாக நிற்கிற துணி. முதல் சலவையிலேயே தொய்ந்துவிடும். பிறகு கைக்குட்டையின் நுனியை நனைத்துத் துணிமேல் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். நூல் பட்டா, பாலியஸ்டரா என்று சந்தேகம் இருந்தால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகுவதுபோல நாறிப் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிவதுபோல நாறும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டுகொள்ளும்.

ரேயான் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்குக் குளுமையாக இருக்கும், அழகாக விழும், மறுக்கவில்லை. ஆனால் நனைந்தால் ரேயானுக்கு வலு குறைந்துவிடும். பருத்தி இதற்கு நேர்மாறு, நனைந்தால் அதற்கு வலு கூடும். அதனால்தான் துவைகல்லில் அடித்துத் துவைக்கிற வீடுகளில் பருத்தி நிற்கிறது, ரேயான் தோளில் இற்றுப்போகிறது. ரேயான் உடுத்துவதென்றால் கையால் மெதுவாக அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

வாங்கிய பருத்தியை அப்படியே தைக்கக் கொடுக்கக் கூடாது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அதன் பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்குகிற துணிகள் உண்டு. அந்தச் சுருக்கம் தைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஆகவே கால் மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தக் கருநீல மேலாடையைத் திருப்பிக் காட்டுகிறேன். பக்கத் தையலைப் பாருங்கள். தையலுக்கு உள்ளே ஒரு அங்குலத் துணி மடிந்து கிடக்கிறது. எங்கள் தையல் அக்காவிடம், “அக்கா, உள்ளே தாராளமாக விட்டுத் தையுங்கள், ஓரத்துக்கு ஓவர்லாக் போட்டுவிடுங்கள்” என்று சொல்லித்தான் கொடுத்தேன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆனதும் அவரே பிரித்து அகலமாக்கித் தந்தார். பழைய ஊசித் துளைகளின் வரிசை இன்னும் தெரிகிறது. நான்கு ஓரங்களிலும் அரை அரை அங்குலம் விட்டால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். பல ரெடிமேட் உடுப்புகளில் இந்த உள்துணி கால் அங்குலம்தான் இருக்கும், பிரிக்க வழியே கிடையாது.

அதேபோல அப்பாவின் இந்த வெள்ளைச் சட்டை. காலர் மடிப்பில் நைந்து நூல் பிரிந்திருந்தது. சட்டையின் மற்ற பாகம் எல்லாம் உறுதியாகவே இருக்கிறது. காலரை மட்டும் பிரித்தெடுத்து, நையாத பக்கம் மேலே வரும்படித் திருப்பித் தைத்துத் தந்தார்கள். பழைய தையற்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது. நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். தயவுசெய்து கேளுங்கள். அந்தக் கைகளுக்கு வேலை கொடுங்கள்.

விலைக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 300 ரூபாய் உடுப்பு பத்து முறையில் வெளுத்துவிட்டால் ஒரு முறைக்கு 30 ரூபாய். துணி, தையற்கூலி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் ஆனாலும் நூறு முறை உடுத்தினால் 12 ரூபாய்தான்.

சலவைக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், அதுவும் உப்பு. அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளை மங்குவதும் கறுப்பு சாம்பல் பூப்பதும் பெரும்பாலும் இதனால்தான். இந்தத் தண்ணீரில் சோப்பைவிட டிடர்ஜென்ட் நன்றாக வேலை செய்யும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் விட்டால் படிவம் குறையும். சாயத்துணியை உள்புறம் வெளியே வரும்படித் திருப்பி, நிழலில் உலர்த்துங்கள்.

பட்டு வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விவசாயிகள் கூடுகளை ஏலத்துக்குக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, பட்டு எத்தனை பேருடைய உழைப்பு என்று தெரியும். ஒரு கூட்டிலிருந்து கிடைக்கும் இழை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளும். அதனால் பட்டு ஒன்றிரண்டு போதும், நல்லதாக இருக்கட்டும். அசல் பட்டு என்பதற்கான ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறிந்துவிடும்.

கடைசியாக, தீபாவளிக்குத் தைக்க வேண்டியதை ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் தையற்கடையில் நிற்க இடம் இருக்காது, உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் தைக்க யாருக்கும் நேரமும் இருக்காது. நான் வாங்கிய இந்தச் செங்கல் நிறத் துணியை இன்று இரவு ஊறப்போடுகிறேன். அடுத்த வீடியோவில் அக்காவிடம் அளவு கொடுப்பதைக் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.