உதவிக்கு வருபவரின் சம்பளம்

அவையோரே, சற்றுமுன் நாம் பார்த்த 'இன்சைட் ஐ'ம் டான்சிங்' டேமியன் ஓ'டானல் இயக்கத்தில் 2004-இல் வெளிவந்த படம்; கதை நிகழுமிடம் அயர்லாந்தின் டப்ளின் நகரம். மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறும் மைக்கேல் காப்பகத்திலேயே வளர்ந்தவன். பிறர் காதில் வெறும் ஓசையாக விழும் அவனது சொற்கள், தசைச்சிதைவு நோயோடு அங்கு வந்து சேரும் ரோரிக்கு மட்டும் முழுமையாக விளங்குகின்றன. தனி வீட்டில் வாழ்வதற்கான உதவித்தொகை ரோரிக்கு மறுக்கப்படுகிறது. மைக்கேலுக்குக் கிடைத்ததும், அவன் பேச்சைப் பிறருக்கு எடுத்துச் சொல்பவனாக ரோரியும் உடன் குடியேறுகிறான்.

நம்மில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்ட இறுதிக் காட்சிகளைவிட, ஷிவோன் என்ற இளம்பெண்ணை அவர்கள் தங்கள் உதவியாளராகச் சம்பளத்துக்கு அமர்த்தும் பகுதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். மைக்கேல் அவளைக் காதலிக்கிறான், அவள் மறுத்துவிடுகிறாள். பரிதாபத்துக்காகத் தலையசைக்காத அந்த மறுப்பில்தான் அவன் மற்ற இளைஞர்களுக்குச் சமமாக நடத்தப்படுகிறான். (இரு நாயகர்களாகவும் நடித்தவர்கள் மாற்றுத்திறனாளிகள் அல்லர் என்பது எனக்கு உறுத்தலே.)

சக்கர நாற்காலியில் இருந்தபடி என்ன செய்யமுடியும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், அமர்ந்த நிலையிலேயே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர்ப் பாகாயத்தில் 1966-இல் உருவான சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பால் எழுந்தது.

இடர்ப்பாடு, அத்தகைய நிலையத்தில் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ, முப்பது வயது மகனைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறை வாசற்படியைத் தாண்டவைப்பவர் அறுபதைக் கடந்த தாய். அம்மாவுக்கு இடுப்பு வலிக்குமே என்று மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்டவன் நண்பனோடு இரவுக் காட்சிக்குப் போகவேண்டும் என்று எந்த வாயால் கேட்பான்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 5-ஆம் பிரிவில் சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்லி, அதற்கான தனிநபர் உதவியையும், அதாவது அன்றாடத் தேவைகளுக்கு ஓர் ஆள் துணைநிற்பதையும், குறிப்பிடுகிறது. அந்த உதவியாளருக்குச் சம்பளம் யார் தருவது, அவரைத் தேர்ந்தெடுப்பதும் விலக்குவதும் யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குச் செல்லும் நண்பர்கள், மூன்று சக்கர வண்டிக்கான மனுவோடு சேர்த்து எழுத்தில் கேட்கத் தொடங்கவேண்டும்.